பிசையாத ஃபொக்காச்சியா: கை வேலையா, கடிகார வேலையா, வெயிலின் வேலையா?

ஏப்ரல் 6, காலை (வாசகர் கேள்வி)

ஃபொக்காச்சியா என்னும் இத்தாலிய எண்ணெய் ரொட்டியைப் பிசையாமலே செய்யலாம் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நானும் நம்பி, இரவு எட்டு மணிக்கு மாவைக் கலந்து மூடி வைத்தேன். குறிப்பில் 18 மணி நேரம் வைக்கச் சொல்லியிருந்தது. விடிந்து பார்த்தபோதே மாவு பொங்கி, நடுவில் அமுங்கி, கள் வாடை அடித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் எடுத்தால் ஒழுகியது. சுட்டெடுத்ததில் தட்டையான, புளித்த ஒன்றுதான் கிடைத்தது. கையால் பிசையாமல் ரொட்டிக்கு வலு வராது என்பதும், நம் ஊர் மைதா இதற்கு லாயக்கில்லை என்பதும் என் முடிவு. மறுப்பவர் உண்டா?

ஏப்ரல் 6, மாலை

உங்கள் முதல் முடிவை மறுக்கிறேன். இரண்டாவதில் பாதி உண்மை இருப்பதால் அதைப் பிறகு பார்ப்போம்.

உங்கள் மாவைக் கெடுத்தது வெப்பம். நீங்கள் கையில் வைத்திருந்த குறிப்பு எங்கெங்கோ சுற்றி வந்திருக்கலாம். ஆனால் அந்த 18 மணி நேரக் கணக்கின் ஊற்று நியூயார்க். அங்கே ரொட்டிக்கடை நடத்தும் ஜிம் லாஹியின் முறையை மார்க் பிட்மன் 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதினார். மூன்று கப் மாவுக்குக் கால் தேக்கரண்டி ஈஸ்ட், நிறையத் தண்ணீர், 12 முதல் 18 மணி நேர ஓய்வு, மூடிய கனத்த பாத்திரத்தில் சுடுதல் என்ற அந்த முறை சில மாதங்களிலேயே உலகம் முழுவதும் பரவியது. அது உருண்டை ரொட்டிக்கான முறை. ஃபொக்காச்சியாவுக்கு அதைப் பொருத்தியவர்கள் பின்னால் வந்தவர்கள். எல்லோரும் மணிக்கணக்கை மட்டும் நகலெடுத்தார்கள். அதே குறிப்பில் இருந்த அறை வெப்பத்தை விட்டுவிட்டார்கள். அங்கே சொல்லப்பட்டது ஏறக்குறைய 21 டிகிரி செல்சியஸ். ஏப்ரல் மாத இரவில் திருச்சியிலோ மதுரையிலோ ஒரு சமையலறை 31 டிகிரிக்குக் கீழே இறங்குமா? பத்து டிகிரி ஏறினால் ஈஸ்டின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது அடுமனைக்காரர்கள் மனக்கணக்காக வைத்துக்கொள்வது. அப்படியென்றால் உங்கள் 18 மணி நேரம் அங்கே 36 மணி நேரத்துக்குச் சமம்.

எவ்வளவு ஈஸ்ட் போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஏப்ரல் 7

ஒரு தேக்கரண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். லாஹியின் அளவைப் போல நான்கு மடங்கு. வழக்கு முடிந்தது.

ஆனாலும் பிசைவதைப் பற்றிய உங்கள் நம்பிக்கைக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இங்கே பலரும் அதையேதான் திருப்பிச் சொல்கிறார்கள். கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் இவை ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்னும் வலையாகின்றன. அந்த வலைதான் ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்கிறது. பிசையும்போது நாம் செய்வது, தாறுமாறாகக் கிடக்கும் அந்த இழைகளை நீட்டி, வரிசைப்படுத்தி, சீக்கிரம் பிணையச் செய்வதுதான். தண்ணீர் தாராளமாக இருக்கும் மாவில் அவை தாமாகவே நகர்ந்து பிணைந்துகொள்ளும். உள்ளே பெருகும் காற்றுக்குமிழிகளும் அவற்றை இழுத்து நீட்டிக்கொண்டே இருக்கும். கை பத்து நிமிடத்தில் செய்வதை மாவு பல மணி நேரத்தில் தானே செய்துகொள்கிறது. பிரெஞ்சு ரொட்டிப் பேராசிரியர் ரேமோன் கால்வெல் 1970களிலேயே மாவையும் தண்ணீரையும் கலந்து அரைமணி நேரம் சும்மா விட்டுவிட்டுப் பிறகு பிசைந்தால் பிசையும் நேரம் வெகுவாகக் குறைகிறது என்று காட்டியிருந்தார். அந்த அரைமணி நேரத்தை நீட்டிக்கொண்டே போனால் பிசையாத ரொட்டிக்கு வந்து சேரலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது; நம் ஊரில் பிசையாத ரொட்டி தோற்பதெல்லாம் இங்கேதான். வலை பின்னுவதும் ஈஸ்ட் வேலை செய்வதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. குளிர்ந்த அறையில் இரண்டும் சேர்ந்து நடந்து ஒன்றாக முடியும். 32 டிகிரியில் ஈஸ்ட் முந்திக்கொண்டு ஓடுகிறது. வலை முடிவதற்குள் காற்று நிரம்பி வெளியேறத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகும் வைத்திருந்தால் அமிலமும் மாவில் இயல்பாக இருக்கும் நொதிகளும் சேர்ந்து, பின்னிய வலையையே அறுக்கும். நீங்கள் கரண்டியில் எடுத்தபோது ஒழுகியது அந்த அறுந்த வலைதான். அந்த மாவு ஏதோ ஒரு நேரத்தில், அநேகமாக இரவு பதினொரு மணிவாக்கில், அருமையான நிலையில் இருந்திருக்கும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

ஏப்ரல் 9

"அப்படியானால் அளவைச் சொல்லுங்கள்" என்று கேட்டவர்களுக்கு. நம் வீடுகளில் இருக்கும் சிறிய ஓடிஜி மின்னடுப்புக்குள் பெரிய டிரே நுழையாது என்பதால், எட்டு அங்குலச் சதுர டின்னுக்கான கணக்கைத் தருகிறேன்.

மைதா 280 கிராம், தண்ணீர் 210 கிராம், தூள் உப்பு மட்டமாக ஒரு தேக்கரண்டி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. டின்னின் அடியில் ஊற்ற இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் தனி. தண்ணீரையும் தராசில்தான் நிறுக்க வேண்டும். கப் கணக்கில் செய்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மாவை அமுக்கி அள்ளுபவருக்கும் தூவி அள்ளுபவருக்கும் ஒரு கப்பில் இருபது முப்பது கிராம் வித்தியாசம் வரும், அதை வைத்துக்கொண்டு "தண்ணீர் அதிகமாகிவிட்டது" என்று வந்து கேட்டால் பதில் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் கரண்டியால், உலர்ந்த மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கலந்து மூடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். அரைமணி நேரம் கழித்து, கையை நனைத்துக்கொண்டு, மாவின் ஓரத்தை அடியிலிருந்து பிடித்துக் கிழியாத அளவுக்கு மேலே இழுத்து நடுவில் மடியுங்கள். பாத்திரத்தைத் திருப்பி நான்கு பக்கமும் அப்படியே. மீண்டும் அரைமணி நேரம் விட்டு இன்னொரு முறை. இரண்டாவது முறை இழுக்கும்போதே வித்தியாசம் கையில் தெரியும்: முதலில் பிய்ந்து வந்தது இப்போது துணியை இழுப்பது போல நீண்டு வரும், மேற்பரப்பு பளபளக்கும். உடனே எண்ணெய் தடவிய, மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். 12 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை கிடக்கலாம்.

கேள்வி கேட்டவர் கவனிக்க: 500 கிராமுக்குச் சற்று மேற்பட்ட மாவுக்கு இந்தக் கணக்கில் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்தான் வரும். உங்கள் ஈஸ்ட் அளவு ஃபிரிட்ஜுக்குச் சரியான அளவு. வைத்த இடம்தான் வேறு.

ஏப்ரல் 10

விட்டுப்போன ஒன்று. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் குழாயில் வரும் தண்ணீர் கையைச் சுடும். "வெதுவெதுப்பான நீர்" என்று குறிப்புகள் சொல்வதைப் படித்துவிட்டு அதை இன்னும் அடுப்பில் வைத்துச் சூடாக்குபவர்கள் இருக்கிறார்கள். மண்பானைத் தண்ணீரோ ஃபிரிட்ஜ் தண்ணீரோ ஊற்றுங்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்டை எழுப்ப வெந்நீர் தேவையில்லை, அது உலர்ந்த மாவிலேயே கலக்கக் கூடியது.

ஏப்ரல் 14

புத்தாண்டு நாளில் கூட ஒருவர் விடவில்லை. "இழுத்து மடிப்பதும் பிசைவதுதானே, பிறகென்ன பிசையாத ரொட்டி?" என்று கேட்கிறார். சரி, மொத்தம் இரண்டு நிமிடம் பிசைந்த ஃபொக்காச்சியா என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் மனத்துக்கு ஒவ்வாதவர்கள் மடிக்காமலே ஃபிரிட்ஜில் வைக்கலாம். ரொட்டி வரும், கொஞ்சம் தட்டையாக வரும். லாஹியின் முறையிலும் நீண்ட ஓய்வுக்குப் பிறகு மாவை ஓரிரு முறை மடிப்பது உண்டு.

இந்த நேரத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இட்லி மாவு கரைக்கும் எவரும் இங்கே கடிகாரத்தைக் கேட்பதில்லை. மார்கழியில் எத்தனை மணிக்குக் கரைக்க வேண்டும், சித்திரையில் எத்தனை மணிக்கு ஃபிரிட்ஜில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் யாரும் எழுதிவைக்காமலே கைக்கு வந்திருக்கிறது. மாவு எவ்வளவு ஏறியிருக்கிறது, குமிழி எப்படி இருக்கிறது, வாடை எப்படி என்று பார்த்து முடிவெடுக்கும் அதே பெண்கள், மைதா என்றதும் "குறிப்பில் 18 மணி நேரம் போட்டிருக்கிறதே" என்கிறார்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் வையுங்கள். பக்கவாட்டில் குமிழிகள் தெரிய வேண்டும், அளவு இரண்டு மடங்காக வேண்டும், பாத்திரத்தை ஆட்டினால் மாவு தளதளவென்று ஆட வேண்டும், நடு மட்டும் அமுங்கியிருக்கக் கூடாது. மணி என்ன என்பது அதற்குப் பிறகு.

ஏப்ரல் 16

அடுப்பு பற்றி.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை எண்ணெய் ஊற்றிய டின்னில் கொட்டி, ஒரு புரட்டுப் புரட்டி, அப்படியே விடுங்கள். சில்லென்றிருக்கும் மாவை இழுத்து மூலைவரை கொண்டுபோக முயன்றால் அது சுருங்கிச் சுருங்கித் திரும்பும். குளிர் போனால் தானே பரவும். நம் வெப்பத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போதும். குளிர்ந்த ஊர்களுக்கு எழுதிய குறிப்புகளில் மூன்று நான்கு மணி நேரம் என்றிருக்கும். பிறகு விரல்களில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, டின்னின் அடி விரலுக்குத் தட்டுப்படும் வரை நேராக அழுத்திக் குழி போடுங்கள். பயந்து பயந்து மேலாகத் தொட்டால் குழி அடுப்பில் ஏறியதும் மறைந்துவிடும். குழி போடுவதால் காற்று போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். பெரிய குமிழிகள் இடம் மாறி ஒதுங்கும், ரொட்டி நடுவில் மேடாகாமல் பரந்து எழும், எண்ணெய் தங்க இடம் கிடைக்கும்.

ஓடிஜியை 230 டிகிரியில், மேலும் கீழும் இரண்டு கம்பிகளும் எரிய, குறைந்தது இருபது நிமிடம் சூடாக்க வேண்டும். விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று பொருளல்ல. உள்ளே இருக்கும் காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும், சுவரும் தட்டும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். டின்னைக் கீழ்த்தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஃபொக்காச்சியாவின் அடி எண்ணெயில் பொரிய வேண்டும், அதற்கு அடிச்சூடு வேண்டும். 22 முதல் 25 நிமிடம். மேலே நிறம் வந்து அடி வெளுத்திருந்தால் டின்னை வெளியே எடுத்து கேஸ் அடுப்பின் பர்னரில் ஒரு நிமிடம் காட்டலாம். அலுமினிய டின்னுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி, கண்ணாடிப் பாத்திரத்தில் சுட்டவர்கள் கனவிலும் செய்ய வேண்டாம்.

ஓடிஜியின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். என்னுடையதில் 230 என்று திருகினால் உள்ளே வைத்த தெர்மாமீட்டர் 200 காட்டுகிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த அடுப்புத் தெர்மாமீட்டர், விலையுயர்ந்த மாவைவிடப் பயனுள்ளது.

ஏப்ரல் 17

குழிகளைப் பற்றி எழுதியதும் ஜெனோவா நினைவுக்கு வந்தது. ஃபொக்காச்சியாவின் பல வடிவங்களில் நாம் படங்களில் பார்க்கும் எண்ணெய் மினுங்கும் வகை இத்தாலியின் லிகூரியாக் கடற்கரைக்கு, குறிப்பாக ஜெனோவாவுக்கு உரியது. அங்கே அது இரண்டு விரல் உயரத்துக்கு எழுவதில்லை. சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். காலையில் அதைப் பாலும் காப்பியும் கலந்த கோப்பையில் தோய்த்துச் சாப்பிடுபவர்கள் உண்டு. உப்பு நாக்கில் முதலில் பட வேண்டும் என்று துண்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடிப்பவர்களும் உண்டு.

அங்கே செய்வதில் நாம் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியது உப்புநீர். குழி போட்டதும் தண்ணீர், உப்பு, எண்ணெய் மூன்றையும் அடித்துக் கலந்து மேலே ஊற்றிவிடுகிறார்கள். எட்டு அங்குல டின்னுக்கு 40 மி.லி. தண்ணீர், மூன்றில் ஒரு பங்குத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். முதல் முறை ஊற்றும்போது ரொட்டியை நாமே பாழாக்குகிறோம் என்று தோன்றும். குழிகளில் குளம் கட்டி நிற்கும். அடுப்புக்குள் அந்தத் தண்ணீர் ஆவியாகும்வரை குழியின் மாவு நிறம் மாறாமல் மென்மையாக நிற்கும். சுற்றியுள்ள மேடு மட்டும் பொன்னிறமாக மொறுமொறுக்கும். ஒரே கடியில் இரண்டும் வாயில் படுவதற்கு இந்த உப்புநீர்தான் காரணம். மேலே கல்லுப்பைத் தூவுவதால் மட்டும் இது வராது.

ஏப்ரல் 18

ஜெனோவாவிலும் பிசையாமல்தான் செய்கிறார்களா என்று கேட்கிறார்கள். இல்லை, ஜெனோவாக் கடைக்காரர்கள் பிசைகிறார்கள். இயந்திரத்தில். நான் எங்கும் மாறாகச் சொல்லவில்லை. பிசையாத முறை வீட்டுக்காரர்களின் ஏற்பாடு.

ஏப்ரல் 21

மைதாவைப் பற்றிய அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன்.

மைதாப் பொட்டலத்தின் பின்பக்கம் நூறு கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 10, 11 கிராம்; சிலவற்றில் 9. மேல்நாட்டு ரொட்டி மாவில் 12, 13. புரதம் குறைந்தால் வலை மெலிது, உறிஞ்சும் தண்ணீரும் குறைவு. ஆகவே மாவின் எடையில் "80 சதவீதத் தண்ணீர், 85 சதவீதத் தண்ணீர்" என்று எழுதப்பட்ட குறிப்பை நம் மைதாவில் அப்படியே செய்தால் மாவு கையில் நிற்காது. அதனால்தான் நான் 280-க்கு 210 என்று, அதாவது 75 சதவீதம் என்று கொடுத்தேன். 9 கிராம் புரதப் பொட்டலமாக இருந்தால் 70 சதவீதத்துக்கு இறங்குங்கள். துளைகள் சற்றுச் சிறியதாக இருக்கும், சாப்பிடுவதற்கு ஒரு குறையும் இராது. பெரிய துளைகள் படத்துக்குத்தான் அழகு.

குளூட்டன் பொடி சேர்க்கலாமா என்ற கேள்விக்கு: சேர்க்கலாம். 500 கிராம் மாவில் பத்து கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குளூட்டன் பொடியைப் போட்டால் புரதம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். நான் இப்போது சேர்ப்பதில்லை. ஃபிரிட்ஜில் ஓர் இரவு கிடந்த சாதாரண மைதாவே போதுமானதாக இருக்கிறது, பொடி அதிகமாகிவிட்டால் ரொட்டி சவசவவென்று இழுபடுகிறது.

கோதுமை மாவு கேட்டவர்களுக்கு. சக்கியில் அரைத்த ஆட்டாவில் புரதம் மைதாவைவிடக் குறைவில்லை என்று பொட்டலத்தைக் காட்டி வாதிடுகிறார்கள். தவிடு குளூட்டன் வலையைக் குறுக்கே அறுக்கிறது என்பதைப் பொட்டலம் சொல்லாது. கல்லில் அரைபடும்போது மாவுச்சத்துத் துகள்கள் உடைவதால் ஆட்டா தண்ணீரையும் கூடுதலாகக் குடிக்கும். சப்பாத்திக்கு அது நல்லது. கால் பங்கு ஆட்டா போட்டு, இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் கூட்டினால் நல்ல ரொட்டி வருகிறது. முழுவதும் ஆட்டா என்றால் சப்பாத்தி சுட்டுவிடுவது உத்தமம்.

ஏப்ரல் 22

டொராண்டோவிலிருந்து எழுதிய வாசகியின் தொல்லை நேர் எதிரானது: சமையலறை 18 டிகிரி, மாவு இரவெல்லாம் அசையவே இல்லை. உங்களுக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம். மேடையிலேயே இரவு முழுக்க விடுங்கள், காலையில் விளக்கு மட்டும் போட்ட ஓவனுக்குள் ஓரிரு மணி நேரம் வையுங்கள். கனடாவில் சாதாரண மாவிலேயே புரதம் 13 சதவீதத்தை ஒட்டி இருக்கும், எனவே 80 சதவீதத் தண்ணீரைத் தயங்காமல் ஊற்றலாம். நீங்களும் கேள்வி கேட்டவரும் ஒரே குறிப்பைப் பார்த்துத்தான் செய்திருக்கிறீர்கள் என்பதை இருவருமே கவனித்தால் எனக்கு எழுதும் வேலை மிச்சம்.

ஏப்ரல் 28

எண்ணெய், மேலே தூவும் பொருள்கள்.

ஆலிவ் எண்ணெய் விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள், டின்னுக்கு அடியில் கடலை எண்ணெயை ஊற்றிவிட்டு, சுட்டு வெளியே எடுத்ததும் மேலே மட்டும் நல்ல ஆலிவ் எண்ணெயை விடலாம். அடியில் அது பொரிகிற சூட்டில் அதன் மணம் எப்படியும் குறைந்துவிடும். நல்லெண்ணெயில் செய்தவர் ஒருவர் நன்றாக இருந்தது என்கிறார். நானும் செய்து பார்த்தேன். எள் வாசனையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை, பிடித்தவர்கள் செய்யட்டும்.

ரோஸ்மேரி நீலகிரியில் விளைகிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளலாம். இலையை எண்ணெயில் புரட்டித்தான் போட வேண்டும், வெறுமனே தூவினால் கருகும். அது கிடைக்காவிட்டால் கறிவேப்பிலையைப் போடாதீர்கள், 230 டிகிரியில் அது கரித்துண்டாகிவிடும். வீட்டுத் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லியைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். ஓரிகானோவுக்கு அதன் மணத்தைத் தரும் கார்வக்ரோல் கற்பூரவல்லியிலும் இருப்பதால் அது ஒட்டாமல் நிற்பதில்லை. கொஞ்சம் ஓமமும் சின்ன வெங்காயமும் சேர்ந்தால் எனக்கு ரோஸ்மேரியைவிட அதுதான் பிடிக்கிறது, இதை ஜெனோவாக்காரர் யாரும் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பூண்டில் மட்டும் எச்சரிக்கை. பச்சைப்பூண்டை மேலே தூவினால் கருகிக் கசக்கும். எண்ணெயில் லேசாக வதக்கிக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். பூண்டு போட்ட எண்ணெயைப் பாட்டிலில் நிரப்பி மேடையில் வைத்துக்கொண்டு தினமும் எடுப்பதாக ஒருவர் எழுதியிருந்தார், தயவுசெய்து நிறுத்துங்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கிடக்கும் பூண்டில் போட்டுலிசம் என்னும் கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். கெட்டுப்போனதை வாடை காட்டிக்கொடுக்காது. அன்றன்றைக்குச் செய்யுங்கள், மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடியுங்கள்.

மே 3

ஓவன் இல்லாமல் முடியுமா? கனத்த தோசைக்கல்லில் அல்லது அடி கனத்த வாணலியில், மூடிபோட்டுச் சிறுதீயில் ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு நிமிடம், திருப்பி இன்னொரு பக்கம் ஏழெட்டு நிமிடம். திருப்பியதும் குழிகள் நசுங்கும்; உப்புநீருக்கு அங்கே வேலை இல்லை. சுவையான ரொட்டிதான், அதை ஃபொக்காச்சியா என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. குக்கரில் மணலோ உப்போ கொட்டி வெறுமனே காயவைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தண்ணீரில்லாமல் அவ்வளவு நேரம் காய்வதற்காகச் செய்த பாத்திரம் அல்ல அது.

மே 4

நேற்று எழுதியதற்கு "தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு எது ஃபொக்காச்சியா என்று தீர்ப்புச் சொல்ல நீங்கள் யார்?" என்று ஒரு கேள்வி. நியாயமான கேள்வி, ஏனென்றால் இத்தாலியிலேயே இதற்கு ஒரே பதில் கிடையாது. ஜெனோவாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ரெக்கோவில், ஈஸ்டே இல்லாமல், மெல்லிய இரண்டு மாவுத் தகடுகளுக்கு நடுவே பாலாடைக்கட்டி வைத்துச் சுடுவதும் ஃபொக்காச்சியாதான். அதற்கு 2015-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடே கிடைத்தது. தெற்கே பாரியில் மாவோடு வேகவைத்த உருளைக்கிழங்கு சேரும், மேலே தக்காளியும் ஆலிவ் காயும் அழுத்தப்படும். அதே தென்பகுதியின் அல்தமூராவில் 2001-இல் திறந்த மெக்டொனால்ட்ஸ் கடை, உள்ளூர் ஃபொக்காச்சியாவோடு போட்டிபோட முடியாமல் அடுத்த ஆண்டே மூடப்பட்டதாகப் பெயர் வாங்கியது.

பாரி வகையைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே சேர்க்கும் ரவை, துரும் என்னும் கடினக் கோதுமையை இருமுறை அரைத்த மாவு. நம் கடைகளின் உப்புமா ரவை பெரும்பாலும் சாதாரணக் கோதுமையில் வருவது, துகளும் பெரிது. அதைப் போட்டுவிட்டு ரொட்டி நறநறக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 280 கிராம் மாவுக்கு வேகவைத்து மசித்த ஒரு சிறிய கிழங்கு. தண்ணீரில் இருபது கிராம் குறையுங்கள். ரொட்டி மறுநாளும் மென்மையாக இருக்கும்.

மே 11

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். இம்முறை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார், மடித்திருக்கிறார், ஆனால் "ஃபிரிட்ஜுக்குள்ளேயே மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே வந்துவிட்டது" என்கிறார். இதைப் பற்றி ஏப்ரல் 9 அன்று எழுதியதில் கொஞ்சம் சேர்க்க வேண்டும். நிரம்பிய ஃபிரிட்ஜில் வெப்பமான மாவு குளிர்வதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அந்த நேரமெல்லாம் ஈஸ்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மே மாதத்தில் இரண்டு மடிப்புக்கும் இடையில் இருபது நிமிடம் போதும். தண்ணீர் சில்லென்றிருக்கட்டும். உயரமான பாத்திரத்தைவிட அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் மாவு சீக்கிரம் குளிரும். ஃபிரிட்ஜின் கதவுத்தட்டில் வைக்க வேண்டாம், உள்பக்கம், கீழ்த்தட்டில்.

வெளியே வந்த மாவையும் அவர் சுட்டிருக்கிறார். படத்தில் வெட்டுமுகம் தெரிகிறது: துளைகள் ஒழுங்கில்லாமல், சுவர்கள் மெல்லியதாகப் பளபளத்துக்கொண்டு, அடி பொரிந்து. நம் ஊர் மைதா. "பரவாயில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது என்று நினைக்கிறேன்.

மே 12

ஈஸ்ட் பற்றி ஒரே ஒரு வரி கேட்டார்கள். சிறிய டப்பாவில் மாற்றி நிரப்பி விற்கப்படும் ஈஸ்டை வாங்கிப் பலமுறை ஏமாந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், கடைப்பெயர்கள் வேண்டாம். ஆலையில் ஒட்டிய பொட்டலமாக வாங்கி, பிரித்த பிறகு இறுக மூடி ஃப்ரீசரில் வையுங்கள், மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சந்தேகம் வந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சர்க்கரையோடு கலந்து பத்து நிமிடம் பாருங்கள். நுரைக்காவிட்டால் குப்பையில் போடுங்கள்.

மே 19

மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்தால் ஏன் கட்டையாகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ரொட்டி கட்டையாவது பெரும்பாலும் ஈரம் காய்வதால் அல்ல. வெந்து குழைந்த மாவுச்சத்து ஆறும்போது மீண்டும் படிகமாக இறுகுகிறது, அந்த இறுக்கம் ஃபிரிட்ஜின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. மாவுக்கு ஃபிரிட்ஜ், சுட்ட ரொட்டிக்கு ஃப்ரீசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் ஆறியபின் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றாகச் சுற்றி உறையவைத்து, வேண்டும்போது உறைந்தபடியே 200 டிகிரியில் எட்டு நிமிடம் சூடாக்கினால் அடி மீண்டும் மொறுமொறுக்கும். அன்றைக்கே முடிப்பதாக இருந்தால் மேடையில் துணி போட்டு மூடிவைத்தாலே போதும். மைக்ரோவேவில் சூடாக்கினால் இரண்டு நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் கடிக்க முடியாது.